சொப்பும் மண்குடுவையும்

புரட்டாசி பிறந்ததும் மயிலை வடக்கு மாட வீதியில் பொம்மை வாங்கி, பெருங்குடி வரை பேருந்தில் மடியிலேந்தி வந்து, கொலுப்படியில் மரப்பாச்சிக்கருகே சொப்புச் சாமான் பரப்பும் குழந்தைகளுக்கு, நம் புராணங்களோடு கிரேக்க தேசத்துச் சங்கதி ஒன்றையும் சொல்லலாம். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன், ஏதென்ஸ் நகரில், திராட்சை மதுவின் தேவனான டயோனைசஸுக்கு வசந்தத்தில் நிகழ்ந்த அந்தெஸ்தீரியா என்னும் மூன்று நாள் உற்சவத்தில், மூன்றாம் பிராயத்துக் குழந்தைகளுக்குப் புஷ்ப மகுடம் சூட்டினார்கள். விளையாட்டு வண்டி இழுக்கும் பாலகனையும் அவனோடு துள்ளும் நாயையும் சித்திரமாகத் தீட்டிய சின்னஞ்சிறு மண்குடுவைகள் அவ்விழாவோடு தொடர்புடையவை. குழந்தைகளின் கல்லறைகளிலும் அவை கிடைத்திருக்கின்றன. அதைச் சிறுவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. நம் சொப்புக்கு அக்குடுவை ஒன்றுவிட்ட சகோதரி என்றே எனக்குப் படுகிறது. பாவம், சுண்டல்தான் அந்த ஏதென்ஸ் குழந்தைகளுக்கு வாய்க்கவில்லை.