பிள்ளைக்கும் பிரஷர் பாருங்கள்

ஆறு வயதுப் பிள்ளைக்குக் குருதி அமுக்கம் 118/78 என்று வந்தால், “120/80க்குக் கீழேதானே” என்று ஆறுதலடைவது தவறு. 120/80 வளர்ந்தவர்களின் கணக்கு. ஆறு வயதுக்கு 118 அதிகம். மறுபடியும் பார்க்கவேண்டிய எண்.

பேசாலையிலும் தலைமன்னாரிலும் பிரஷர் என்றால் அம்மம்மா, அப்பப்பாவின் வருத்தம் என்றே நினைக்கிறோம். பிள்ளைகளுக்கும் அது வரும். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, அளந்தால்தான் தெரியும்.

13 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரே எல்லை கிடையாது. வயது, ஆணா பெண்ணா, உயரம் என்ற மூன்றையும் அட்டவணையில் வைத்தே வைத்தியர் முடிவு சொல்லவேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டல், யாரை மேலும் பரிசோதிக்கவேண்டும் என்று விரைவாக அறிய ஒரு சுருக்க அட்டவணையும் தருகிறது. அதன்படி ஆண் பிள்ளைக்கு 6 வயதில் 105/66, 10 வயதில் 108/72, 12 வயதில் 113/75. இரண்டில் ஓர் எண் இந்த அளவைத் தொட்டாலும் முழு அட்டவணையோடு ஒப்பிடவேண்டும். 13 வயதிலிருந்து 130/80 என்றாலே உயர் அமுக்கம். ஐரோப்பிய வழிகாட்டலோ 16 வயதிலிருந்துதான் பெரியவர்களின் அளவுகோலுக்கு மாறுகிறது. ஆகவே எந்த அட்டவணைப்படி பார்த்தார்கள் என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

அளக்கும் முறை பிழைத்தால் எண்ணும் பிழைக்கும். கையில் சுற்றும் பட்டியில் காற்று நிரம்பும் பகுதியின் அகலம், மேற்கையின் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்கவேண்டும். பெரியவர்களின் பட்டியை மெலிந்த கையில் சுற்றினால் அளவு குறைவாகக் காட்டும். பருத்த கையில் சிறிய பட்டி கூட்டிக் காட்டும். ஓடிவந்த பிள்ளையையும் அழுகிற பிள்ளையையும் உடனே அளக்கக்கூடாது. முதுகு சாய்ந்து, கால்கள் தரையில் பட, ஐந்து நிமிடம் இருக்கவிட்டு வலக்கையில் பார்க்கவேண்டும். எண் கூடினால் வேறு வேறு நாட்களில் மூன்று தடவை உறுதிப்படுத்துவதே வழக்கம்.

சிறு பிள்ளைக்கு அமுக்கம் கூடினால் முதலில் சிறுநீரகத்தைச் சந்தேகிக்கவேண்டும். நம் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வரும் சிரங்கையும் தொண்டை நோவையும் நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியால் அவை வந்திருந்தால், தொண்டை நோவு வந்து ஒன்று முதல் மூன்று கிழமைக்குள், சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு கிழமைக்குள், சில பிள்ளைகளுக்கு முகம் வீங்கும், சிறுநீர் தேயிலைச் சாயம்போலக் கறுக்கும், அமுக்கம் திடீரென ஏறும். கடும் தலையிடி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு வந்தால் மூன்று தடவை அளக்கும்வரை காத்திருக்காதீர்கள், 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

வளரிளம் பருவத்தில் பெரும்பாலும் உடற்பருமனும் உப்பும்தான் காரணம். பெரியவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்கு அதிலும் குறைவு. கருவாட்டை நம் கரையிலிருந்து விலக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். கழுவி ஊறவைத்து, கறிக்கு வேறு உப்புப் போடாமல் சமைக்கலாம். கருவாடு சமைத்த நாளில் மிக்சரும் பக்கற் நூடில்சும் வேண்டாம்.

தரம் 1, 4, 7, 10 மாணவருக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. அன்று பிள்ளையை மறிக்காமல் அனுப்புங்கள். மூன்று வயதுக்கு மேல் ஆண்டுக்கொரு தடவை அமுக்கம் பார்ப்பது நல்லது. பிள்ளை பருமனாக இருந்தாலோ, சிறுநீரக நோய், நீரிழிவு இருந்தாலோ, ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்க்கக் கேளுங்கள். எண்ணை எழுதித் தரவும், அதைத் தமிழில் விளக்கவும் கேளுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி, இது சலுகையல்ல. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை உட்பட அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

உங்கள் ஊர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான பட்டி இல்லையென்றால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் முறையிடுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. “எத்தனை பட்டிகள், எந்த அளவுகளில் உள்ளன?” என்று எந்தப் பிரஜையும் கேட்கலாம். தகவல் தருவதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாகவேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் இந்தத் தவணையிலேயே அந்த விண்ணப்பத்தை எழுதவேண்டும்.