திட்டமும் அடுப்பங்கரையும்

உலகம் வெப்பமுறுவதைத் தணிக்க வேண்டும் என்பதில் இன்று கருத்து வேற்றுமை மிகுதியாக இல்லை. எவ்வாறு தணிப்பது என்ற வினா எழுங்கால் நம் நினைவுக்கு வருவோர் பொறியியலாரும் விஞ்ஞானிகளுமே ஆவர். புதிய பொறியையும் புதிய எரிபொருளையும் அவர்கள் படைத்தளிப்பார்கள், மக்கள் ஏற்றுக்கொள்வார்கள், புகை குறைந்துவிடும் என்று எண்ணி நாம் அமைதி கொள்கிறோம். மக்கள் ஒன்றை ஏன் ஏற்கிறார்கள், ஏற்றதை ஏன் இடையில் கைவிடுகிறார்கள் என்று ஆராயும் சமூகவியலாரையும் பொருளியலாரையும் திட்டம் தீட்டும்பொழுதே அழைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எழுவதில்லை. அழையாமையால் நேரும் இழப்பை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டா. நம் நாட்டு அடுப்பின் வரலாறே போதும்.

விறகும் வரட்டியும் எரியும் அடுப்பின் புகை இருவகைத் தீங்கு விளைப்பது. அடுப்பருகே அமர்ந்திருக்கும் பெண்ணின் நுரையீரலையும், அவள் மடியிலுள்ள குழந்தையின் நுரையீரலையும் அது கெடுக்கிறது. அன்றியும், அப்புகையிலுள்ள கரித்துகள் கதிரவனின் வெப்பத்தை ஈர்த்துக் காற்றைச் சூடாக்குகிறது. இமயப் பனியின்மீது படிந்தாலோ பனி விரைந்து உருகுகிறது. மரம் வளர்வதைக் காட்டிலும் விரைவாக வெட்டப்படும் இடங்களில், விறகின் கரியமில வாயுவும் வானில் தங்கிவிடுகிறது. ஆதலின், புகையைக் குறைக்கும் நல்லடுப்பு ஒன்றைப் பரப்பினால் உடல்நலமும் உலகநலமும் ஒருங்கே கிட்டும் என்று அறிஞர்கள் நம்பினர்.

இந்நம்பிக்கையோடு 1980-களில் மத்திய அரசாங்கம் நாடெங்கும் சீர்திருத்த அடுப்புத் திட்டத்தை நடத்தத் தொடங்கியது. 2002-இல் அது நிறுத்தப்படுவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. தொகை பெரிதுதான். ஆயினும் அவற்றுள் பல விரிசல் கண்டன; பல அவ்வூர்ச் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் பொருந்தாமல் ஒதுக்கப்பட்டன.

பின்னர் ஒடிசாவின் 44 சிற்றூர்களில், ஏறத்தாழ 2,600 குடும்பங்களிடையே, ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்னும் பொருளியலார் மூவர் இதனைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். 2016-இல் வெளிவந்த அவர்தம் ஆய்வின் முடிவு சிந்திக்கத் தக்கது. முதலாண்டில் பெண்கள் உட்கொள்ளும் புகை சற்றுக் குறைந்தது. நாளடைவில் அப்பயன் மறைந்தது. அடுப்பு இடைவிடாது பயன்படுத்தப்படவில்லை; பழுதுபார்க்கவும் படவில்லை. நுரையீரல் நலத்தில் முன்னேற்றம் இல்லை. விறகுச் செலவும் குறையவில்லை. ஆய்வுக்கூடத்தில் வென்ற அடுப்பு, அடுப்பங்கரையில் தோற்றது.

மக்களைக் கேட்டறிந்தால் யாது நிகழும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. கருநாடகத்தில் தும்கூர் மாவட்டத்துப் புரா என்னும் சிற்றூரில், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அமுல்ய ரெட்டியின் குழுவினர், சமையலுக்கென ஊர்ப் பொதுச் சாண எரிவாயுக் கலம் ஒன்றை 1980-களில் அமைத்தனர். கிடைத்த வாயு ஊரார் சமையலுக்குப் போதவில்லை. ஊராரின் விருப்பத்தைக் கேட்டறிந்தபோது, அவர்கள் வேண்டியவை குடிநீரும் விளக்குமே என்பது தெளிவாயிற்று. 1987 முதல் அவ்வாயு மின்னாக்கியை இயக்கியது, நீர் மேலேறியது, வீடுகளில் விளக்கு எரிந்தது. சாணம் கொணர்ந்தோர்க்குச் சிறு ஊதியமும், வயலுக்கு உரமாகக் கலத்தின் கசடும் கிடைத்தன. கலமும் சாணமும் முன்பு இருந்தவையே. மாறியது, கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்.

இப்பாடத்தை நாம் முற்றக் கற்றோமா? 2016 மே முதல் நாளன்று உத்தரப் பிரதேசத்துப் பலியாவில் உஜ்வலா எரிவாயுத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஏழைப் பெண்களின் பெயரிலேயே இணைப்பு அளித்த இத்திட்டம் 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி இணைப்புகளை எட்டியது. இது பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வாண்டில் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இணைப்புப் பெற்று ஓராண்டு நிறைந்த 3.18 கோடிப் பேர் ஆண்டுக்குச் சராசரி 3.21 உருளைகளே வாங்கினர் என்று காட்டியது. நகரத்தில் வாழும் நம் இல்லங்களில் ஓர் உருளை எத்தனை நாள் வரும் என்பதை நம் இல்லத்தரசியர் அறிவர். எஞ்சிய நாட்களில் அவ்வீடுகளில் எரிந்தது விறகே.

காரணம் அறியாமை அன்று. விறகுக்கு விலை பெண்ணின் உழைப்பு. அதனை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. உருளைக்கு விலை ரொக்கம். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் அதனை ஒரே நாளில் புரட்ட வேண்டும். 14.2 கிலோ உருளைக்கு மாற்றாக 5 கிலோ உருளை பெறும் வாய்ப்புப் பின்னர் தரப்பட்டது, இவ்வுண்மை உணரப்பட்டதனாலேயே. 2021-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், பிற ஊரினின்று குடிபெயர்ந்தோர் முகவரிச் சான்றும் ரேஷன் அட்டையும் இன்றித் தம் உறுதிமொழியின்பேரில் இணைப்புப் பெற இடமளிக்கப்பட்டது. சான்றின்றி அயலூரில் குடும்பம் நடத்தும் துயரை நன்கறிந்த நமக்கு, இம்மாற்றத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

எல்லாத் திட்டமும் இவ்வாறு இடர்ப்படுவதில்லை. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் மக்களைச் சென்றடைந்தன. மொத்தக் கொள்முதலால், 2014-இல் 310 ரூபாயாயிருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாகக் குறைந்தது. பழைய விளக்கைக் கழற்றிய இடத்தில் புதியதை மாட்டினால் போதும். பழக்கம் எதுவும் மாற வேண்டியதில்லை. விளக்குக்கு விலை தடையாயிருந்தது. அடுப்புக்கோ வாழ்க்கை முறையே தடையாயிருந்தது. எத்தடை எங்குளது என்று முன்கூட்டி அறிந்து சொல்வதே சமூக விஞ்ஞானத்தின் பணி.

உலக அறிஞர்களும் இதனை ஒப்புக்கொண்டுள்ளனர். பருவநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டு அரசுகளின் குழு 2022-இல் வெளியிட்ட தணிப்பு அறிக்கையில், மக்களின் தேவையையும் சமூக வாழ்வையும் பற்றித் தனி அதிகாரம் ஒன்று முதன்முறையாக இடம்பெற்றது. அதனை ஒருங்கிணைத்த இருவருள் ஒருவர், கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராயிருந்த ஜோயஸ்ரீ ராய். வீடு, போக்குவரத்து, உணவு முதலிய துறைகளில் தக்க மாறுதல்கள் வாய்த்தால், 2050-க்குள் அவற்றின் வெளியீட்டில் 40 முதல் 70 விழுக்காடு வரை குறைக்க இயலும் என்று அவ்வறிக்கை கூறுகிறது.

எத்தனை அடுப்பு வழங்கினோம் என்று கேட்பதோடு திட்டம் தீட்டுவோர் நின்றுவிடலாகாது. எத்தனை அடுப்பு இன்றும் எரிகிறது, எரியாதது ஏன் என்றும் கேட்க வேண்டும். அவ்வினாவுக்கு விடை தரவல்லவள் அடுப்பை மூட்டுகின்ற பெண்ணே. அவளிடம் கேளாமல் வகுக்கும் திட்டத்திற்குச் செலவிடும் கோடிகள் வீணாகலாம். அவள் இழந்த ஆண்டுகளோ மீண்டும் வாரா. நாம் வாழும் நகரங்களில் கட்டட வேலைக்கு வந்து, கல் மூன்று கூட்டிச் சமைக்கும் நம்மவர் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. அவர்களிடம் சென்று முதலில் அறிவுரை கூறாது, அவர்தம் தேவையைக் கேட்டறிவோமாக.