குடியை நிறுத்திய பின் யார் துணை?

மது விலகல் அறிகுறிகளுக்கான சிகிச்சை பெரும்பாலும் ஒரு வாரம் முதல் பத்து நாள்களில் நிறைவடைகிறது. கை நடுக்கம் தணிகிறது; பசியும் உறக்கமும் திரும்புகின்றன. "இனிக் குடிக்க மாட்டார் அல்லவா?" என்று குடும்பத்தினர் அப்போது வினவுகின்றனர். குடிநோய், நீரிழிவைப் போல நெடுங்காலக் கவனிப்பை வேண்டும் நோய். வீடு திரும்பிய முதல் சில மாதங்களில்தான் அது மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு மிகுதி.

இந்நோய்க்குக் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ஆம் ஆண்டு சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். நோயாளியுடன் குடும்பத்தினருக்கும் ஆலோசனை, வீடு திரும்பிய பின் தொடர் கவனிப்பு ஆகிய இரண்டும் அங்குச் சிகிச்சையின் பகுதிகளாயின. 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்போ, மீண்ட ஒருவர் மற்றவருக்குக் கைகொடுக்கும் முறையைப் பரப்பியது. இன்று மீட்சித் துணைவர் எனப்படும் பயிற்சி பெற்றவரின் பணியும் இவ்வழியில் வந்ததே.

அவர் அறிவுரை கூறுவதோடு நிற்பதில்லை. குடிக்கத் தூண்டும் வேளைகளை நோயாளியுடன் அமர்ந்து பட்டியலிடுகிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரிபவருக்கு அது சம்பள நாளாகவோ, இரவு ஷிப்ட் முடியும் நேரமாகவோ இருக்கலாம். சிலருக்குத் திருமண வீடும் துக்க வீடும். எந்தப் பாதையில் வீடு திரும்புவது, சம்பளப் பணத்தை யாரிடம் ஒப்படைப்பது, நண்பர் அழைத்தால் என்ன சொல்வது என்பவற்றை முன்கூட்டியே இருவரும் முடிவு செய்கின்றனர். குடிக்கும் வேட்கை அலைபோல் எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தணியும். அந்நேரத்தில் அழைப்பதற்கு ஒருவர் இருப்பதே பெரும் பலம்.

துணைவர் மருத்துவர் அல்லர். மாத்திரைகளை மாற்றவோ நிறுத்தவோ அவருக்கு உரிமையில்லை. அவர் எங்குப் பயிற்சி பெற்றார், உங்கள் மருத்துவருடன் இணைந்து செயல்படுவாரா என்று கேட்டறியுங்கள். சில நாள்களில் முழுக் குணம் என உறுதியளிப்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை:

நோயாளி அறியாமல் உணவில் எம்மருந்தையும் கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் உட்கொண்டவர் மது அருந்தினால் வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒருமுறை சறுக்கினால் பழித்துரைக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். மறைத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் சிகிச்சையைக் கடினமாக்கும்.

மீண்டும் அன்றாடம் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாள்களில் வலிப்போ மனக்குழப்பமோ வரலாம். அது அவசர நிலை. வீட்டில் வைத்துக் காத்திருக்கலாகாது.

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம். நோயாளி இன்னும் இசையாவிட்டாலும், குடும்பத்தினர் தமக்காகவே முதலில் அழைக்கலாம்.