நேரமில்லை என்கிறோம், நம் நேரம் எங்கே போகிறது?

குர்ஆன் ஓத நேரமில்லை, பிள்ளைகளுடன் உட்கார்ந்து பேச நேரமில்லை, நோயுற்ற உறவினரைப் போய்ப் பார்க்க நேரமில்லை. இன்று நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் வாரத்துக்கு 168 மணி நேரம் என்பது செல்வந்தருக்கும் ஏழைக்கும் ஒன்றுதான். திருக்குர்ஆனின் 103-வது அத்தியாயம் 'அல்அஸ்ர்' காலத்தின் பெயரையே தாங்கியிருக்கிறது. மூன்றே வசனங்கள் கொண்ட அந்த அத்தியாயத்தை நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே மனனம் செய்துவிடுகிறார்கள். நேரத்தின் அருமையை அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று பார்ப்போம்.

முதலில் கணக்கு

தூக்கத்துக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 49. வேலைக்கும் பயணத்துக்கும் தினமும் 10 மணி நேரம், ஆறு நாள்களுக்கு 60. உளூச் செய்வது, பள்ளிவாசலுக்குப் போய்வருவது உட்பட ஐவேளைத் தொழுகைக்குத் தினமும் 2 மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் 14. ஆக மொத்தம் 123. மீதி 45 மணி நேரம். குளியல், சாப்பாடு, கடைத்தெரு என்று 20 மணி நேரம் போனாலும் 25 மணி நேரம் மிச்சம் இருக்க வேண்டும்.

அது எங்கே போகிறது என்பதை ஒரு வாரம் மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பார்ப்போம். கைபேசியில் செலவாகும் நேரத்தை நாம் எழுத வேண்டியதே இல்லை. ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்ற பகுதியைத் திறந்தால் எந்தச் செயலியில் எத்தனை நிமிடம் என்று அதுவே சொல்லிவிடும். பலருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

தொழுகை வக்துகளே எல்லைக்கோடுகள்

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ, அவ்வளவு நேரத்துக்கும் அது நீண்டுவிடும் என்று 1955-இல் பார்க்கின்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் எழுதினார். எனவே வேலைக்கு ஒரு முடிவு நேரம் வேண்டும். நமக்கோ ஒரு நாளில் ஐந்து முடிவு நேரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 'அப்புறம் பார்க்கலாம்' என்பதற்குப் பதில் 'அஸருக்கு முன் முடித்துவிடுவோம்' என்று சொல்லிப் பழகலாம்.

ஃபஜ்ருக்குப் பிறகு வரும் அமைதியான நேரத்தை ஓதுவதற்கும், கவனம் தேவைப்படும் வேலைக்கும் ஒதுக்கலாம். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே தமிழகத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கிறது. தொலைக்காட்சியையும் கைபேசியையும் ஓரமாக வைத்துவிட்டால் பிள்ளைகளின் பாடத்துக்கு அது போதும். ஷாஃபி, ஹனஃபி முறைகளில் அஸர் வக்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் மாறுபடுவதால், நமது மஹல்லா பள்ளிவாசலின் நேர அட்டவணையை வைத்தே திட்டமிடுவது நல்லது.

திட்டம் ஏன் தவறுகிறது?

காலையில் பத்து வேலைகளை எழுதி இரவில் நான்கை மட்டும் முடித்துச் சோர்ந்துபோகிறோம். இதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைவாக மதிப்பிடுவது மனித இயல்பு என்று டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியல் அறிஞர்கள் 1979-இல் எடுத்துக்காட்டினார்கள். எனவே 'எவ்வளவு நேரம் ஆகும்' என்று ஊகிக்காமல், 'போன முறை எவ்வளவு ஆனது' என்று பார்க்க வேண்டும். ரேஷன் கடைக்கு அரை மணி நேரம் என்று எழுதுகிறோம். போன மாதம் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தால் இந்த மாதமும் அதையே எழுதுவோம். ஒரு நாளைக்கு முக்கியமான மூன்று வேலைகள் போதும். விருந்தாளி வரலாம், குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம். அதற்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

யாருடைய நேரம்?

குடும்பத்தில் ஒருவர் நேரத்தை மிச்சப்படுத்துவது இன்னொருவரின் நேரத்தை எடுத்துக்கொள்வதாக ஆகிவிடக் கூடாது. இந்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்காகச் செலவிடுகிறார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்களுக்கு அது 97 நிமிடங்கள். வீட்டுப் பெண்களுக்கு ஓதவும் படிக்கவும் ஓய்வெடுக்கவும் நேரம் கிடைக்காததற்குக் காரணம் இதில் தெரிகிறது.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. நேர நிர்வாகத்துக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி நமக்கு வேண்டுமா? சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, பிள்ளையை மதரஸாவுக்கு அழைத்துப் போவது, காய்கறி நறுக்கித் தருவது என ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டால் வீட்டில் எல்லோருக்கும் நேரம் கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் மூன்றாம் நாள் கைவிட்டுவிடுவோம். இந்த வெள்ளிக்கிழமை குடும்பத்துடன் உட்கார்ந்து, மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலான நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று மட்டும் முடிவு செய்வோம். அது பழகிய பிறகு அடுத்ததைத் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.