நஞ்சூட்டிய பல்லேடியம்

புட்டியில் இருக்கும் சாம்பல் நிறப் பொடிதான் லிண்ட்லர் வினையூக்கி. கால்சியம் கார்பனேட் துகள்களின் மேல் 5 சதவீதம் வரை பல்லேடியம். அதன்மேல் வேண்டுமென்றே ஏற்றிய ஈயம்.

ஆல்கைனில் இரு கார்பன் அணுக்களை முப்பிணைப்பு இணைக்கிறது. வெறும் பல்லேடியத்தைப் போட்டு ஹைட்ரஜனைச் செலுத்தினால், வினை இரட்டைப் பிணைப்போடு நிற்பது அரிது. ஒற்றைப் பிணைப்பு வரை ஓடிவிடும். ஈயம் அந்த உலோகப் பரப்பை மந்தமாக்குகிறது. ஆல்கைன் பரப்பை இறுகப் பற்றுவதால் அதற்கே முதல் இடம். உருவான ஆல்கீன், அதாவது இரட்டைப் பிணைப்புள்ள பொருள், விலகிக்கொள்கிறது. சிறிது குயினோலின் சேர்த்தால் கட்டுப்பாடு இன்னும் கூடும். இரு ஹைட்ரஜன் அணுக்களும் ஒரே பக்கத்திலிருந்து சேர்வதால் கிடைப்பது பெரும்பாலும் சிஸ் வடிவம். டிரான்ஸ் வேண்டுமானால் திரவ அம்மோனியாவும் சோடியமும் தேவை. அது வேறு கதை.

ஹெர்பர்ட் லிண்ட்லர் இதை 1952-இல் வெளியிட்டார். அவர் பணியாற்றிய ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனம் வைட்டமின் ஏ தயாரித்து வந்தது. அதன் தயாரிப்பில் ஒரு முப்பிணைப்பை இரட்டைப் பிணைப்பிலேயே நிறுத்தியாக வேண்டும். வினையூக்கியைக் கெடுப்பதென்று வேதியியலாளர்கள் அஞ்சும் ஈயத்தையே அதற்குப் பயன்படுத்தியது துணிச்சல்தான்.

ஈயமும் முழுக் காவல் அல்ல. ஒரு மோல் ஆல்கைனுக்கு ஒரு மோல் ஹைட்ரஜன் உள்ளே போனதும் வாயுவை நிறுத்திவிட வேண்டும்.