கடல் கடந்த பேச்சுக்கு விலை வைப்பது யார்?

ஒரு தேசத்தின் துறைமுகத்தில் சுங்கம் விதிக்கும் உரிமை அத்தேசத்தாருக்கே உண்டு என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால் அந்நிய நாட்டிலிருந்து வரும் டெலிபோன் பேச்சை ஏற்று உரியவரிடம் சேர்ப்பதற்கு ஒரு தேசம் என்ன கூலி வாங்கலாம் என்பதை, 1997-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், வாஷிங்டனிலுள்ள ஒரு கமிஷன் உலகம் முழுமைக்கும் சேர்த்துத் தீர்மானித்தது. இது நடந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. எனினும் அதில் எழுந்த கேள்வி மடியவில்லை. இன்டர்நெட் என்னும் புதிய வேஷம் பூண்டு நம் முன் நிற்கிறது. ஆதலின் அதன் வரலாற்றைத் தேசத் தொண்டர்கள் அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம்.

பழைய ஏற்பாடு எளிதானது. பேசுகிறவரிடம் கட்டணம் முழுவதையும் அவருடைய நாட்டுக் கம்பெனி வசூலிக்கும். நிமிஷத்துக்கு இவ்வளவு என்று இரு நாட்டாரும் முன்னரே பேசி முடித்த தொகையில் பாதியை, பேச்சைப் பெறும் நாட்டுக்கு அது கொடுக்கும். இரு பக்கத்துப் பேச்சும் சமமானால் கணக்கு நேராகிவிடும். ஒரு பக்கம் மிகுந்தால் அப்பக்கத்தார் பாக்கியைச் செலுத்துவர். பாதையை இருவரும் சேர்ந்து அமைத்தனர், ஆகவே செலவும் இருவருக்கும் பாதிப் பாதி என்பதே இதன் தத்துவம்.

நாளடைவில் அமெரிக்காவிலிருந்து வெளிச்செல்லும் பேச்சு மிகுந்தது. பிழைப்புத் தேடி அங்கே குடியேறியவர்கள் தாய்நாட்டில் உள்ளவர்களுடன் பேசினார்கள். ஏழை நாடுகளிலோ ஏகபோக இலாகாக்கள் விதித்த கட்டணம் மிக அதிகம்; எனவே அங்குள்ளவர்கள் தாமே பேசுவதை விட்டு, அமெரிக்காவிலிருந்து அழைப்பு வருவதற்குக் காத்திருந்தனர். அங்கிருந்து திரும்ப அழைத்து இணைப்புக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகளும் தோன்றின. விளைவு, 1996-ல் அமெரிக்கக் கம்பெனிகள் பிற நாடுகளுக்குச் செலுத்திய நிகர பாக்கி சுமார் 540 கோடி டாலர். இதில் முக்கால் பங்காவது அடக்கச் செலவுக்கு மேற்பட்ட தொகை என்பது அமெரிக்கத் தகவல் தொடர்புக் கமிஷனின் கணக்கு.

அக்கமிஷன் நாடுகளை வருமானப்படி வகைப்படுத்தியது. செல்வ நாடுகளுக்கு நிமிஷத்துக்கு 15 சென்ட், நடுத்தர வருவாயுள்ள நாடுகளுக்கு 19 சென்ட், ஏழை நாடுகளுக்கு 23 சென்ட். இதற்கு மேல் கொடுக்கலாகாதெனத் தன் நாட்டுக் கம்பெனிகளுக்குக் கட்டளையிட்டது. ஏழை நாடுகளுக்கு நான்கு வருஷமும், நூறு பேருக்கு ஒரு டெலிபோன்கூட இல்லாத நாடுகளுக்கு ஐந்து வருஷமும் தவணை. பல நாட்டுச் சர்க்கார்களும் கம்பெனிகளும் வழக்குத் தொடுத்தன. 1999-ல் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு, கமிஷன் அந்நிய சர்க்கார்களுக்கு உத்தரவிடவில்லை, சொந்த நாட்டுக் கம்பெனிகளையே கட்டுப்படுத்தியது என்று கூறி வழக்கைத் தள்ளியது. வாங்குகிறவன் கையைக் கட்டாமல் கொடுக்கிறவன் கையைக் கட்டினால் பலன் வேறாகுமா? சட்டத்தின் சாதுரியம் இது; நியாயம் ஆகாது.

அவ்வழக்கில் முன்னின்ற கட்சிக்காரர் யார் தெரியுமா? 'கேபிள் அண்ட் வயர்லெஸ்' என்னும் பிரிட்டிஷ் கம்பெனி. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கடலடித் தந்திகளை ஆண்ட கம்பெனிகளின் நேர் வாரிசு அது. இந்தியாவின் வெளிநாட்டுத் தொடர்பு 1947-ல்தான் அந்நியக் கம்பெனியின் கையிலிருந்து நமது சர்க்காரின் கைக்கு வந்தது. அன்று காலனிகளில் ஏகபோகம் அனுபவித்தவர்களே, பின்னர் கரீபியன் தீவுகளில் தமக்கிருந்த வருமானத்தைக் காக்கும் பொருட்டு ஏழை நாடுகளோடு ஓரணியில் நின்றனர். ஏழையின் பெயரால் வாதாடுவோர் அனைவரும் ஏழையின் நண்பரல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி மறுபக்கத்தையும் பட்சபாதமின்றி ஆராய்வோம். அவ்வருமானம் கிராமங்களுக்குக் கம்பி இழுக்கப் பயன்படுகிறது என்று ஏழை நாட்டுச் சர்க்கார்கள் வாதித்தன. உலகில் அப்போதிருந்த 60 கோடி டெலிபோன்களில் முக்கால் பங்கு ஒன்பது நாடுகளிலேயே இருந்தன என்றும், ஆப்பிரிக்கா கண்டம் முழுவதிலும் உள்ளதைவிட டோக்கியோ நகரில் அதிகம் என்றும் 1984-ல் மெயிட்லண்ட் கமிஷன் அறிக்கை எடுத்துக் காட்டியது. தேவை உண்மையே. ஆனால் வந்த பணம் பல நாடுகளில் பொதுக் கஜானாவில் கலந்ததேயன்றிக் கிராமத்துக்குப் போகவில்லை. அதைக் கொடுத்தவர்களும் நியூயார்க் கோடீசுவரர்கள் அல்லர். தாயின் குரலைக் கேட்க நிமிஷத்துக்கு முக்கால் டாலரும் ஒரு டாலரும் கொடுத்த கூலிக்காரர்களே பெரும்பாலோர். தன் பிள்ளையின் கூலியில் தானே சுங்கம் வாங்குவதைத் தேசபக்தி என்று நாம் சொல்ல மாட்டோம்.

அந்த வழி நிலைக்கவும் இல்லை. 2012-ல் பாகிஸ்தான் வெளிநாட்டுப் பேச்சை ஒரே வாயில் வழியாக வரவழைத்து, அதன் கூலியை 8.8 சென்டாக உயர்த்திற்று. சட்டபூர்வமான பேச்சு சுருங்கியது. கள்ள வழிகள் பெருகின. 2014-ல் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. நமது தேசத்தில் 2002 ஏப்ரல் முதல் விதேஷ் சஞ்சார் நிகாமின் ஏகபோகம் முடிவுற்றது. உள்வரும் வெளிநாட்டுப் பேச்சின் கூலியை நமது அதிகாரக் குழுவே, கட்சிக்காரர்களைப் பகிரங்கமாக விசாரித்து, 2018-ல் நிமிஷத்துக்கு 53 காசிலிருந்து 30 காசாகக் குறைத்தது. 2020-ல் 35 காசு முதல் 65 காசு வரை என எல்லை வகுத்தது. வாஷிங்டன் விதித்த 23 சென்ட் எங்கே, இந்தக் காசுக் கணக்கு எங்கே? விலையைக் குறைக்க அந்நியன் கட்டளை வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும்.

இப்பொழுது இன்டர்நெட்டைப் பார்ப்போம். டெலிபோனில் பாதிப் பாதி என்றிருந்த தத்துவம் இங்கே மறைந்தது. ஏழை நாட்டுக் கம்பெனி அமெரிக்கா வரை செல்லும் பாதையின் செலவு முழுவதையும் தானே சுமக்க நேர்ந்தது. அப்பாதையில் இரு திசையிலும் சரக்குப் போய்வந்தது. செலவை நியாயமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்று 2000-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் சிபாரிசு செய்தபோது அமெரிக்கா அதற்கு இணங்கவில்லை. கம்பெனிகள் தமக்குள் பேசி முடிக்கட்டும் என்றது. தான் கொடுக்கும்போது அடக்க விலை, தான் வாங்கும்போது சந்தை விலை! இவ்விரு தராசுகளையும் ஒரே கடையில் வைத்திருப்பவனிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா?

ஆனால் குறை கூறுவதோடு நில்லாது கென்யா நாட்டார் ஒரு வழி கண்டனர். நைரோபி நகரில் ஒருவர் அடுத்த தெருக்காரருக்கு அனுப்பும் செய்தியும் கடல் கடந்து சென்று திரும்பி வந்தது. இதைத் தவிர்க்க 2000-ம் வருஷக் கடைசியில் உள்நாட்டுக் கம்பெனிகள் கூடி ஒரு பரிமாற்ற நிலையம் அமைத்தன. அதைச் சில தினங்களிலேயே மூடச் செய்தது அந்நியர் அல்லர். சொந்த நாட்டு ஏகபோக இலாகா செய்த புகார்தான்! போராடி 2002-ல் அதை மீண்டும் திறந்தனர். உள்நாட்டுச் செய்தி உள்நாட்டிலேயே ஓடலாயிற்று. சுதேசியம் என்பது இதுவே.

ஆகவே நமது துணிபு இது. பேச்சுக்கும் செய்திக்கும் விலை அடக்கச் செலவை ஒட்டியிருக்க வேண்டும். அச்செலவுக் கணக்கைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். இரு நாட்டாருக்குரிய பாதையின் செலவை இருவரும் சுமக்க வேண்டும். அதை ஒரு நாட்டின் கமிஷன் அன்று, எல்லா நாட்டாரும் சமமாய் அமரும் சபையே முடிவு செய்ய வேண்டும். ஏழை நாட்டுச் சர்க்கார்கள் இவ்வகையில் பெறும் ஒவ்வொரு காசும் கிராமத்துக்குப் போயிற்றா என்று ஜனங்கள் கேட்க வேண்டும். வெளியாரின் கட்டளையை எதிர்க்கும் உரிமை, உள்ளூர் ஏகபோகத்தை எதிர்க்கும் கடமையோடு பிறந்தது. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றுவோர் இரண்டையும் இழப்பர்.