எஃகுக் கூண்டும் வீதிப் பிரயாணமும்

மோட்டார்ப் பந்தயத்தில் ஆர்வங்கொண்ட வாலிபர் சிலர், தாம் அன்றாடம் வீதியில் ஓட்டும் கார்களுக்குள்ளும் 'ரோல் கேஜ்' என்னும் எஃகுக் குழாய்க் கூண்டை அமைத்துக்கொள்ள விரும்புகின்றனர். பந்தயக்காரனின் உயிரைக் காப்பது தம் உயிரையும் காக்குமென்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதத்தை ஆராய்ந்து பார்ப்பது அவசியமெனக் கருதுகிறோம்.

கூண்டின் பயனை நாம் மறுக்கவில்லை. அதிவேகமாகச் செல்லும் வண்டி நிலைதவறி உருளும்போது, கூரை நசுங்கி ஓட்டுபவர் தலைமேல் இறங்காமல் தடுப்பது அதுவே. ஆயினும் பந்தயத்தில் கூண்டு தனித்து நின்று காப்பதில்லை. தலையில் ஹெல்மெட், உடலை ஆசனத்தோடு பிணிக்கும் பலமுனை வார், கழுத்தைக் காக்கும் 'ஹான்ஸ்' கருவி ஆகிய யாவும் கூடியே காக்கின்றன. 2001-ல் அமெரிக்காவின் டேடோனாப் பந்தயத்தில் சுவரில் மோதி மாண்ட டேல் எர்ன்ஹார்ட்டின் வண்டியில் கூண்டு இருந்தது; கழுத்துக் காப்பு இல்லை. மண்டையோட்டின் அடிப்பாகம் முறிந்து அவர் இறந்தார். அவ்வாண்டிலேயே நாஸ்கார் நிர்வாகத்தார் தலை, கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கினர்.

இனி வீதிக்கு வருவோம். நகரத்தில் வண்டி உருளுவது அபூர்வம், மோதுவதே சாதாரணம். அங்கு ஹெல்மெட் அணிந்து காரோட்டுவார் யார்? 1959-ல் வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் வகுத்த மும்முனை வார், மோதலின்போது சற்று நெகிழ்ந்து, மார்பில் விழும் விசையைக் குறைக்கிறது. அப்போது உடல் முன்னும் பக்கமும் சாய்கிறது. சாதாரணக் காரில் அத்தலையைக் காற்றுப்பை ஏந்துகிறது. கூண்டமைத்த காரிலோ தலைக்கு அருகே எஃகுக் குழாய் நிற்கிறது! குழாயைச் சுற்றும் உறையும் ஹெல்மெட்டைக் கருதிச் செய்த கடினப் பொருளே. வெறுந்தலைக்கு அது மெத்தையாகாது. கூரையோரத்திலிருந்து திரைபோல் விரியும் காற்றுப்பைக்கும் குழாய் இடையூறாகலாம்.

பலமுனை வாரைப் பூட்டிக்கொண்டால் போதாதோ எனின், போதாது. ஹான்ஸ் இன்றித் தோள்களை மட்டும் இறுகப் பிணித்தால், தலை முன்னே வீசப்பட்டுக் கழுத்தே அப்பாரத்தைத் தாங்க நேரும். மேலும் அவ்வாறு பிணிபட்டவர், சந்திகளில் சாய்ந்து திரும்பிப் பார்ப்பதும் கடினம்.

போர்ஷே கம்பெனியார் தம் 911 ஜி.டி.3 வண்டிக்கு அளித்துவந்த 'கிளப்ஸ்போர்ட்' அமைப்பில், கூண்டை முன்னாசனங்களுக்குப் பின்னாலேயே பொருத்தினர். முன்னமர்வோரின் தலையருகே குழாய் வராத இவ்வேற்பாடு கவனிக்கத்தக்கது. ஆனால் பின்னாசனம் உள்ள வண்டியில் அதே குழாய், அங்கே அமரும் குழந்தையின் முகத்துக்கெதிரே நிற்கும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை ஆராய்ந்த சுப்ரீம் கோர்ட்டார், உற்பத்தியாளர் குறித்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாதென 2019-ல் தீர்ப்பளித்தனர்.

ஆதலின் வாலிபர்களுக்கு நாம் கூறுவது இதுவே. பந்தயத்தில் கலந்துகொள்ள விரும்பினால், அதற்கென ஒரு வண்டியைக் கூண்டோடும், பிற காப்புக்களோடும் அமைத்து, லாரியிலேற்றிப் பந்தயக் களத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். வீதியில் ஓட்டும் காரை உள்ளபடியே விட்டுவிடுங்கள். தம்முயிரைத் தாமே பணயம் வைக்க ஒருவர் துணியலாம். தம்மை நம்பி அருகில் அமர்ந்திருப்போரின் உயிரை வைக்க எவருக்கும் உரிமையில்லை.